தேவாங்கின் கையும் நம் கையும்

(திண்டுக்கல்லில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் உடம்பு எந்தெந்தப் பழைய விலங்குகளின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதுதான் இன்றைய பேச்சு. தலைப்பைக் கேட்ட ஒருவர், "இதை அரியலூரில் போய்ப் பேசியிருக்கலாமே" என்றார். நியாயமான கேள்விதான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்களில் சுறாப் பல்லும், சுருண்டு கிடக்கும் அம்மோனைட் ஓடும், டைனோசர் எலும்பும் கிடைக்கின்றன. டைனோசர் காலத்துக் கடல் ஏறி வந்து வடிந்த நிலம் அது. நம் ஊரில் அப்படி ஒன்றும் கிடையாது. எவ்வளவு தோண்டினாலும் கிடைக்காது.

காரணம் நம் பாறைகள். 1605இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்டத் தொடங்கிய இந்த மலையும், சுற்றியுள்ள குன்றுகளும் புவியியலாளர்கள் மதுரைப் பாறைத்தொகுதி என்று சொல்லும் பரப்பைச் சேர்ந்தவை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி கோண்டுவானா என்னும் பெருநிலமாக ஒட்டிக்கொண்ட காலத்தில், இந்தத் தொகுதியின் பாறைகள் பூமிக்குள் வெகு ஆழத்தில் கிடந்து வெந்தன. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் வழியில் கெங்குவார்பட்டி இருக்கிறதே, அங்கே உள்ள பாறைகள் 900 டிகிரி செல்சியஸையும் தாண்டிய வெப்பத்தைப் பார்த்தவை. அந்த வெப்பத்தில் எந்த எலும்பின் அடையாளம் மிஞ்சும்? அதை ஒட்டிய காலத்தில்தான் இன்றைய சீனாவின் யுன்னான் பகுதிக் கடலில் ஓரங்குல நீளமுள்ள, தாடை இல்லாத, எலும்பும் இல்லாத மீன் போன்ற உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. 1999இல் அறிவிக்கப்பட்ட அந்தப் புதைபடிவங்களின் வயது ஏறக்குறைய 52 கோடி ஆண்டுகள். தலை, முதுகு, செவுள் என்ற நம் உடலின் அடிப்படை வரைபடம் அவற்றிலேயே இருக்கிறது.

பிறகு ஏன் திண்டுக்கல்லில் இந்தப் பேச்சு? நமக்கு ஏன் இப்படிப்பட்ட கையும் இப்படிப்பட்ட கண்ணும் வாய்த்தன என்ற கேள்விக்கு உலகம் எடுத்துக்காட்டும் கள ஆய்வுகளில் ஒன்று, இங்கிருந்து திருச்சி சாலையில் போனால் வரும் அய்யலூர் முள்காட்டில் நடந்தது. நம்மில் பலருக்கு அய்யலூர் என்றால் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைதான். நானும் ஆட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஆடு புரிந்தால் மற்றது எளிது.

ஆட்டின் பின்னங்காலைப் பாருங்கள். நடுவில் ஒரு மூட்டு பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும். ஆட்டுக்கு முழங்கால் பின்பக்கம் மடங்குகிறது என்று சின்ன வயதில் நாம் எல்லோரும் நினைத்திருக்கிறோம். அது முழங்கால் இல்லை, குதிகால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றோடு ஒட்டி இருக்கிறது. முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது ஆட்டின் மணிக்கட்டு. அதற்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு, அதாவது ஆட்டுக்கால் சூப்பில் உறிஞ்சுகிறோமே அந்த எலும்பு, அதன் உள்ளங்கை. நம் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உரிய உள்ளங்கை எலும்புகள் இரண்டும் ஆட்டில் ஒன்றாகக் கூடிவிட்டன. நன்றாகக் கழுவிப் பார்த்தால் நடுவில் அந்தச் சேர்க்கையின் பள்ளம் தெரியும். அடியில் இரண்டு குளம்புகள், இரண்டு விரல்களின் நகங்கள். பின்னால் மேலே தொங்கும் இரண்டு சிறு குளம்புகள் சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உரியவை. கட்டைவிரலைக் காணோம்.

தோளிலிருந்து ஒரு எலும்பு, அதன்பின் இரண்டு, அதன்பின் கல் கல்லாகப் பல, கடைசியில் விரல்கள். ஆடு, வௌவால், தவளை, திமிங்கிலம், நாம் என எல்லோருக்கும் இதே வரிசை. ஆங்கிலேய உடற்கூற்றறிஞர் ரிச்சர்ட் ஓவன் 1849இல் இதைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஆனால் ஒரு பொதுத் திட்டம் இருக்கிறது என்பதோடு அவர் நின்றுகொண்டார். பத்தாண்டு கழித்து டார்வின், அது திட்டம் அல்ல, மூதாதை என்றார். அந்த மூதாதையின் நெருங்கிய உறவினரை 2004இல் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் நீல் ஷூபினும் டெட் டேஷ்லரும் அவர்கள் குழுவினரும் எடுத்தார்கள். டிக்டாலிக் என்று பெயர் வைத்தார்கள். 37.5 கோடி ஆண்டு வயது. செதிலும் துடுப்பும் உள்ள மீன்தான். ஆனால் அந்தத் துடுப்புக்குள் தோளும் முழங்கையும் மணிக்கட்டின் தொடக்கமும் இருந்தன. இன்னொன்றும் இருந்தது, பலர் கவனிக்காதது: கழுத்து. மற்ற மீன்களின் தலை தோள் எலும்போடு பிணைந்திருக்கும். இது தலையைத் தனியாகத் திருப்பக்கூடியது.

கழுத்து என்றதும் தொண்டைக்கு வந்துவிடுவோம். அங்கேதான் நம் உடலின் பழைய கணக்கு இன்னும் தீராமல் கிடக்கிறது.

விலங்கியல் படித்தவர்களுக்கு குருசடைத் தீவு என்றால் ஒரு பெயர் உடனே நினைவு வரும்: பலனோகிளாசஸ். பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள தீவு அது. அங்கே மணலுக்குள் வளை தோண்டி வாழும் மெத்தென்ற புழு இது. சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் இந்தத் தீவின் கரையோர உயிர்களுக்கென்றே ஒரு வெளியீட்டைக் கொண்டுவந்தது. புழுவுக்கு முதுகெலும்பு இல்லை, தாடை இல்லை, சொல்லிக்கொள்ளும்படி மூளையும் இல்லை. ஆனால் தொண்டையின் பக்கச் சுவரில் வரிசையாகச் செவுள் பிளவுகள் இருக்கின்றன. அதன் உடலில் உள்ள ஒரு துண்டை, முதுகெலும்பின் முன்னோடியான முதுகுநாண் என்றே 1880களில் வில்லியம் பேட்சன் கருதினார். அது பிற்காலத்தில் தள்ளுபடியாயிற்று, பிளவுகள் நிலைத்தன. 2015இல் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு புழுக்களின் மரபணுத்தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். பிளவுகள் உருவாகும் இடத்தில் வேலை செய்யும் சில மரபணுக்கள் புழுவில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. அதே கொத்து நம் 14ஆம் குரோமோசோமில் அப்படியே இருக்கிறது. அவற்றுள் ஒன்று பழுதானால் குழந்தைக்குத் தைராய்டும் நுரையீரலும் சரியாக அமையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மனிதக் கருவுக்குச் செவுள் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிடையாது. நாலைந்து வாரக் கருவின் தொண்டைப் பகுதியில் இருப்பவை வளைவுகளும் அவற்றுக்கு இடையே பள்ளங்களும். மீனில் அவை செவுளாகின்றன. நம்மிடம் முதல் வளைவு கீழ்த்தாடையாகவும் நடுக்காதின் இரண்டு எலும்புகளாகவும் ஆகிறது. இரண்டாவது, காதின் மூன்றாவது எலும்பாகவும் நாக்கடி எலும்பின் ஒரு பகுதியாகவும் ஆகிறது. கடைசி வளைவுகள் குரல்வளையாகின்றன. தாடையும் காது எலும்பும் ஒரே இடத்தில் பிறக்கின்றன என்பதை 1837இலேயே ஜெர்மனியின் ரைஹர்ட் கருவில் பார்த்துச் சொன்னார். ஊர்வனவற்றின் தாடை மூட்டில் இருந்த எலும்புகள்தாம் நம் காதுக்குள் போய்ச் சேர்ந்தன. கரு, மீனின் வாழ்க்கையை ஒருமுறை வாழ்ந்து பார்க்கவில்லை. மீனும் நாமும் ஒரே இடத்திலிருந்து கட்டத் தொடங்குகிறோம், அவ்வளவுதான். சிலருக்குக் கழுத்தோரம் பிறவியிலேயே சிறு துளையோ கட்டியோ இருக்கும். அந்தப் பள்ளங்களில் ஒன்று முழுதாக மூடாமல் போனதன் விளைவு அது.

இந்த வளைவுகளின் வழியே ஓடும் ஒரு நரம்பின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. குரல்வளையை இயக்கும் நரம்பு மண்டையோட்டிலிருந்து புறப்படுகிறது. தொண்டை ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஆனால் இடப்பக்க நரம்பு தொண்டையைத் தாண்டி மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறித் தொண்டைக்கு வருகிறது. வத்தலக்குண்டுக்குப் போக வேண்டியவர் மதுரைக்குப் போய் மாட்டுத்தாவணியைச் சுற்றிவிட்டு வருவது போல. மீனில் இந்த நரம்பு நேராகச் செவுளுக்குப் போகும்; வழியில் ஒரு இரத்தக்குழாயின் பின்பக்கமாகக் கடக்கும். பிற்பாடு கழுத்து நீண்டு இதயம் கீழே இறங்கியபோது அந்தக் குழாயும் இறங்கியது. பின்னால் மாட்டிக்கொண்ட நரம்பும் சேர்ந்து இழுபட்டது. ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்று பல மீட்டர் நீளம். தைராய்டு அறுவை செய்யும் மருத்துவர்கள் இந்த நரம்பைத் தேடிப் பார்த்துப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள். அது அறுபட்டால் குரல் கெட்டுவிடும்.

சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுகிறோம். நினைப்பவர் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு மீன் என்று வைத்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைந்தபோது, மேலே வந்து காற்றை விழுங்கிய மீன்களின் உணவுக்குழாயில் முன்பக்கமாகப் புடைத்து வந்த பைதான் நுரையீரல். அதனால்தான் இன்றும் சோற்றுக்கும் காற்றுக்கும் தொண்டையில் ஒரே சந்தி. கால் முளைப்பதற்கு வெகு முன்பே இந்தப் பை வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரைக்கு வந்த பிறகுதான் மூச்சு என்று பலர் வரிசையை மாற்றி நினைக்கிறார்கள்.

கோடையில் நம் கண்மாய்கள் சுண்டும்போது விராலும் பனையேறிக் கெண்டையும் இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கின்றன. செவுளுக்கு மேலே தனி அறை வைத்துக் காற்றைப் பயன்படுத்துகின்றன. டென்மார்க்காரர்களிடம் இருந்த தரங்கம்பாடியில், 1791இல் குளத்தோரப் பனையில் இந்தக் கெண்டை ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற அதிகாரி எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டது. பனை ஏறியதை நம்பாதவர்கள் உண்டு. ஈரத்தரையில் செவுள் மூடியை ஊன்றி அது நகர்வதில் யாருக்கும் ஐயமில்லை. இது நம் மூதாதை அல்ல, கவனியுங்கள். அதே நெருக்கடி வந்தால் உடல்கள் மறுபடியும் மறுபடியும் வழி தேடும் என்பதற்குச் சாட்சி.

இப்போது அய்யலூர்.

ஒல்லியாக, கண் பிதுங்கிய பிள்ளையைப் பார்த்தால் "தேவாங்கு மாதிரி இருக்கான்" என்று சொல்வது நம் வழக்கம். வைகிறவர்கள் பலர் தேவாங்கைப் பார்த்ததே இல்லை. கால் கிலோ எடை, ஒரு சாண் உடம்பு, குச்சிபோல் கைகால், வெளியே தெரியும்படி வால் கிடையாது. பகலில் புதரில் சுருண்டு தூங்கும்; இரவில் வேல மரங்களிலும் கள்ளிப் புதர்களிலும் மெல்ல நடக்கும். அதன் கையைப் பாருங்கள்: மற்ற விரல்களுக்கு எதிராக விரியும் கட்டைவிரல், கூர்நகத்துக்குப் பதில் தட்டை நகம், விரல் நுனியில் ரேகை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் நாம் வைக்கும் பெருவிரல் ரேகை, வழுக்காமல் கிளை பிடிக்க ஏற்பட்ட பழைய ஏற்பாடு. காலின் இரண்டாம் விரலில் மட்டும் உடம்பைச் சீவிக்கொள்ள ஒரு கூர்நகத்தைத் தேவாங்கு வைத்திருக்கிறது. கண்கள் இரண்டும் நேர் முன்னே பார்க்கின்றன. தேவாங்கும் குரங்கும் நாமும் அடங்கிய குரங்கினங்கள் எல்லாவற்றிலும், கண்கள் இப்படி முன்னோக்கிக் குவிந்திருப்பது இதற்குத்தான் மிக அதிகம்.

குரங்கினங்களுக்கு ஏன் இந்தக் கையும் கண்ணும்? மரத்தில் வாழ்ந்ததால் வந்தது என்று நூறாண்டுக்கு முன் விடை சொன்னார்கள். 1970களில் மாட் கார்ட்மில் என்ற அமெரிக்க மானிடவியலாளர் எளிய ஒரு கேள்வி கேட்டார்: அணிலும் மரத்தில்தானே இருக்கிறது? அதற்குக் கண் பக்கவாட்டில், விரலில் கூர்நகம், கட்டைவிரல் எதிரே விரிவதில்லை. ஆனாலும் நம் வீட்டு வேப்பமரத்தில் அது தாவாத தாவலா? முன்னோக்கிய கண் ஆந்தைக்கும் பூனைக்கும் இருக்கிறது, இரண்டும் வேட்டைக்காரர்கள். ஆகவே மெல்லிய கிளைகளில் பூச்சியைக் கண்ணால் குறிவைத்துக் கையால் பிடித்த சிறு விலங்கிடம்தான் இவை தோன்றியிருக்கும் என்றார் அவர். ராபர்ட் சஸ்மன் என்பவர் இதை மறுத்தார். பூக்கும் மரங்கள் பெருகியபோது கிளை நுனியில் பூவையும் பழத்தையும் தேடிப் போனதால் வந்தது இது என்பது அவர் கட்சி.

இந்த வழக்கில் சாட்சி சொல்லத் தகுந்த விலங்கு தேவாங்கு. ஆனால் காட்டில் அது என்ன தின்கிறது என்றே சரியாகத் தெரியாமல் இருந்தது. அன்னா நெக்காரிஸ் என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியில் அய்யலூர்ப் பகுதிக் காட்டில் பத்தரை மாதம் இரவுகளில் தேவாங்குகளைப் பின்தொடர்ந்தார். 1,238 முறை அவை உண்பதைக் குறித்துக்கொண்டார். அதில் 96 விழுக்காடு பூச்சியும் பிற சிறு உயிர்களும். பருத்த நடுக்கிளையில் எறும்பு, வண்டு போல மெதுவாகப் போகும் இரையை ஒரு கையால் அள்ளின. கிளை நுனியில் அந்துப்பூச்சி, தட்டான் போலப் பறப்பவற்றைப் பிடிக்கும்போது பின்னங்கால்களால் கிளையைப் பற்றி, நிமிர்ந்து நின்று, இரு கைகளாலும் பிடித்தன. மோப்பத்தாலும் ஓசையாலும் இரையை அறிந்தாலும், கடைசிப் பாய்ச்சலில் கண்தான் வழிகாட்டியது.

2005இல் வெளியான அவரது கட்டுரை, கண்கள் முன்னோக்கி வந்ததில் வேட்டைக்குப் பெரும்பங்கு உண்டு என்ற பக்கம் சாய்ந்தது. ஆனால் தேவாங்கின் தீவிரப் பூச்சி உணவைப் பார்த்த அவர், ஆதிக் குரங்கினங்கள் இந்த அளவுக்குப் போயிருக்கமாட்டா என்றும், பழமும் சேர்ந்தே அவற்றின் உணவாக இருந்திருக்கும் என்றும் எழுதினார். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்ததே இந்த இடம்தான். தன் சாட்சிக்காகத் தீர்ப்பை வளைக்கவில்லை. தேவாங்கு நம் மூதாதை இல்லை. 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துபோன கிளையின் இன்றைய வாரிசு. நாம் மாறிய காலமெல்லாம் அதுவும் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. பழைய குரங்கினங்களின் எலும்பைப் பார்க்க வேண்டுமானால் குஜராத்துக்குப் போகவேண்டும். அங்கே வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் சுமார் 5.45 கோடி ஆண்டுப் பழமையான தாடைகள் கிடைத்திருக்கின்றன.

2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்கள் அதில் வருகின்றன. தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் இது. ஒன்றுக்கும் உதவாத முள்காடு என்று நாம் சொல்லிவந்த நிலம்.

தேவாங்கிடமிருந்து நாம் எதில் விலகினோம் என்று பார்க்க சிறுமலைக்கு ஏறினால் போதும். வளைவுகளில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்டுக் குரங்கு நம் கிளையைச் சேர்ந்தது. ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் கல்லீரலிலேயே செய்துகொள்கிறது. தேவாங்கின் கிளைக்கும் அந்தத் திறமை உண்டு. குரங்கும் நாமும் அதை இழந்தோம். அதற்கான மரபணு நம்மிடம் இன்னும் கிடக்கிறது, உடைந்துபோய், வேலை செய்யாமல். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் உடைந்தது. பழம் தின்றே காலம் தள்ளிய உடம்புக்கு அந்த இழப்பு உறைக்கவில்லை. கப்பலில் மாதக்கணக்காக உப்புக்கண்டம் தின்ற மாலுமிகளுக்கு ஈறு அழுகியபோதுதான் உறைத்தது. நமக்கு நெல்லிக்காயும் எலுமிச்சையும் ஈடுகட்டுகின்றன. அதே கிளையில் நாம் பெற்றதும் ஒன்று உண்டு. நிறம் காட்டும் மரபணு ஒன்று இரட்டித்ததால், சிவப்பும் பச்சையும் நமக்கும் குரங்குக்கும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்த்தக்காளியையும் பழத்தக்காளியையும் ஒரே பார்வையில் பிரிக்கிறவர் அந்த இரட்டிப்பைத்தான் பயன்படுத்துகிறார்.

கடைசியாக வால். நாட்டுக் குரங்குக்கு நீண்ட வால் இருக்கிறது, நமக்கு இல்லை. தேவாங்குக்கும் இல்லையே, அது நமக்கு நெருக்கமா என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். இல்லை, அது தனியாக இழந்தது. நம் கிளை சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன், வாலில்லாக் குரங்குகள் பிரிந்தபோது இழந்தது. எப்படி என்பது 2024இல்தான் வெளிவந்தது. டிபிஎக்ஸ்டி என்ற மரபணுவுக்குள், மரபணுத்தொகுதியில் இடம் மாறித் திரியும் சிறு துண்டு ஒன்று நுழைந்துவிட்டது. எலிகளில் இந்த மாற்றத்தின் விளைவை உண்டாக்கிப் பார்த்தபோது வால் குட்டையாயிற்று, சிலவற்றில் இல்லாமலே போயிற்று. ஆனால் சில எலிகளுக்கு முதுகுத்தண்டு சரியாக மூடாமலும் போயிற்று. மனிதக் குழந்தைகளில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றுக்கு வரும் பிறவிக் குறைபாட்டைப் போன்றது இது. வால் போனதற்கு நாம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் விலையாக இது இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து, இன்னும் நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டது வேறொன்று: கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் இந்தக் குறைபாடு வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரையைக் கொடுப்பது இதற்காகத்தான். முதுகுத்தண்டு மூடுவது நாலாம் வாரத்தில். பல பெண்களுக்குக் கரு தங்கியதே அப்போது தெரிந்திருக்காது. அதனால் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.